அடுத்த அறிக்கை வரட்டும்

வீட்டைச் சக்கரத்தோடு வாங்கியவர் புயல் வந்தால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார் என்றுதான் நாம் நினைப்போம். புளோரிடாவின் மேற்குக் கரையில், ஃபோர்ட் மயர்ஸ், புன்டா கோர்டா பக்கத்தில், ஆர்.வி. எனப்படும் சக்கர வீடுகள் நிறுத்தும் பூங்காக்களில் குடியிருக்கும் பெரியவரைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். கான்கிரீட் வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பலகை அடித்து, நாயைக் காரில் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் ஜார்ஜியா எல்லையைத் தொட்டிருப்பார். நம்மவர் அப்போதும் வண்டிக்கு அடியில் டார்ச்சுடன் படுத்து, டயர் எந்த வருஷம் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று வாசித்துக்கொண்டிருப்பார். டயரின் ஜாதகம் அதன் விலாவில் நான்கு இலக்கத்தில் பொறித்திருக்கும். ஓடித் தேய்ந்த டயரைவிட நின்றே கிழடான டயர் ஆபத்து என்பது ஆர்.வி. உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. தெரிந்துகொள்ள இவர் தேர்ந்தெடுக்கும் நாள்தான் வேடிக்கை.

ஆள் ஒஹாயோவிலோ மிஷிகனிலோ உழைத்து ஓய்வு பெற்றவர். பனி அள்ளி அள்ளி முதுகு போனதில் வீட்டை விற்று ஒரு மோட்டார் ஹோம் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஏசி, பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டில் நீளும் கூடம் எல்லாம் அடங்கிய பேருந்து அது. கொஞ்ச காலம் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று சுற்றினார். அப்புறம் இங்கே நிறுத்தினார். அவ்வளவுதான். வாசலில் ஒரு மரத்தளம் முளைத்தது. தளத்தின்மேல் தக்காளித் தொட்டி, தொட்டிக்குத் துணையாக இரண்டு பிளாஸ்டிக் பூநாரை, பூநாரைகளுக்கு மேலே விளக்குச் சரம், சரத்துக்குக் கீழே இறைச்சி வாட்டும் அடுப்பு. ஊர் ஊராகப் போகத்தான் வாங்கினேன் என்று இன்றும் சொல்வார். பூங்காவின் தபால் பெட்டி வரை போய்வரத் தனியாக ஒரு கோல்ஃப் வண்டி வைத்திருக்கிறார்.

குளிருக்குத் தப்பி வரும் அக்கம்பக்கத்தார் நவம்பரில் வந்து ஏப்ரலில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான புயல் பருவம் ஏறக்குறைய முழுவதும் நம்மவர் பங்குக்கு வருகிறது.

கரீபியனில் ஒரு மேகக்கூட்டம் சுழன்று பெயர் வாங்கிவிட்டால் இவர் முகத்தில் ஒரு களை வரும். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் வரும். மியாமியில் இருக்கும் தேசியப் புயல் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நாளைக்கு நான்கு அறிக்கை விடுகிறது. காலை ஐந்து மணி அறிக்கையை வாசித்த கையோடு மனைவி கேட்பார்: “கிளம்பலாமா?”

“பதினோரு மணி அறிக்கை வரட்டும், ஹனி.”

பதினோரு மணி அறிக்கை வரும். புயல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். “அஞ்சு மணிக்கு இன்னும் தெளிவாச் சொல்லிடுவாங்க.” கரைக்கு எச்சரிக்கை விடப்பட்ட பிறகு நடுநடுவிலும் அறிக்கை உண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மக்கள் சீக்கிரம் முடிவெடுக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. நம்மவருக்கு அதனால் ஒத்திப்போடும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

நடுவில் கணினிக் கணிப்புகள் வேறு. ஐரோப்பியக் கணிப்பு புயலை லூசியானாவுக்கு அனுப்பும், அமெரிக்கக் கணிப்பு நேராக இவர் மரத்தளத்துக்கு அனுப்பும். வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதில் நமக்குத் தோதான நேரம் வருகிறதோ அதைப் பிரிக்கும் மாமாக்களை நமக்குத் தெரியும். இவரும் அந்த ரகம். பிழைப்புக்குக் கப்பல் பட்டறையிலோ பள்ளிக்கூடத்திலோ இருந்தவர், செப்டம்பர் மாதத்தில் மட்டும் வளிமண்டல அழுத்தத்தைப் பற்றி மில்லிபார் கணக்கில் பேசுவார்.

புயல் போகக்கூடிய பாதையைக் காட்ட வரைபடத்தில் வெள்ளையாக விரியும் அந்தக் கூம்பு இருக்கிறதே, அதன் ஓரத்துக்குத் தன் பூங்கா வெளியே விழுந்துவிட்டால் இவருக்குப் பேரானந்தம். புயலின் நடுப்புள்ளி கூம்புக்குள் இருப்பதே மூன்றில் இரண்டு தடவைதான் என்பதும், காற்றும் கடல்நீரும் கூம்பின் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை என்பதும் அறிக்கையோடு சேர்ந்தே வரும் விஷயங்கள். அவற்றை இவர் படித்திருக்கிறார். ஆனால் இவர் கையில் சரித்திரம் இருக்கிறது. 2004இல் சார்லி புயல் தம்பாவுக்கு வருகிறது என்றார்கள். தம்பாக்காரர்கள் ஓர்லாண்டோவுக்கு ஓடினார்கள். அது திரும்பி புன்டா கோர்டாவில் கரையேறி, ஓர்லாண்டோவுக்கே போய் அவர்களைப் பிடித்தது. 2022இல் இயன் புயலுக்கும் முதலில் தம்பாவைத்தான் சுட்டினார்கள். அது தெற்கே நகர்ந்து, ஃபோர்ட் மயர்ஸ் பக்கத்துக் கேயோ கோஸ்டா தீவில் செப்டம்பர் 28 அன்று இறங்கியது. 2024இல் ஹெலீன் கடற்கரையைத் தாண்டிப் போய், வட கரோலினா மலைகளில் ஆஷ்வில் பகுதியைப் பெருவெள்ளத்தில் மூழ்கடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. “அப்போ எங்கேதான் போறது?” என்பார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். இவையெல்லாம் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்குச் சான்று, போகவே கூடாது என்பதற்கு அல்ல என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

உண்மையில் இவர்தான் எல்லோருக்கும் முன்னால் கிளம்ப வேண்டியவர். புளோரிடாவின் கரையோரக் கவுன்ட்டிகள் வெள்ள அபாயத்தை வைத்து ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்திருக்கின்றன. வெளியேறும் உத்தரவு வந்தால் மொபைல் ஹோம், ஆர்.வி. வாசிகள் பொதுவாக எந்த மண்டலமானாலும் கிளம்பியாக வேண்டும். இவருடைய வீடு எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியிழையிலும் மெல்லிய சட்டத்திலும் கட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பெரிய பாய்மரம். மணிக்கு 119 கி.மீ. காற்றில்தான் ஒரு புயல் முதல் வகை ஹரிகேன் ஆகிறது. அதற்கு வெகுமுன்னாலேயே, 64 கி.மீ. காற்றுக்கே, தம்பா விரிகுடாவின் ஸ்கைவே பாலத்தை மூடிவிடுவார்கள். சின்னக் கார் கடைசி நேரத்தில் நழுவிவிடும். இவரால் முடியாது.

முடியாததற்கு இன்னொரு காரணம், வேலை. பட்டியல் போட்டு அட்டையில் செருகி, காதில் பென்சிலோடு நடப்பார். நீட்டிய கூடத்தை உள்ளே இழு. பந்தல் துணியைச் சுருட்டு. சமையல் எரிவாயுவை மூடு. எலி கூடு கட்டிய இடத்தில் ஜெனரேட்டரைத் தேடு. அடுத்தது தண்ணீர்த் தொட்டி, இங்கேதான் அரை நாள் போகும். நிரப்பினால் சுமார் 380 லிட்டர், அதாவது 380 கிலோ. கனம் இருந்தால் காற்றில் ஆடாது என்று ஒரு கட்சி. கனம் ஏறினால் லிட்டருக்கு மூன்று கி.மீ. சொச்சம் கொடுக்கும் வண்டி அதையும் கொடுக்காது என்று இன்னொரு கட்சி. கோல்ஃப் வண்டிகளில் கூடி, கையில் பீருடன், பூங்காவின் பெரியவர்கள் இதை விவாதிப்பார்கள். தீர்மானம் எதுவும் நிறைவேறியதில்லை.

அப்புறம் கறுப்புத் தொட்டி. கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டிக்கு ஆர்.வி.க்காரர்கள் வைத்த பெயர் அது. அதை நிறைத்து எடுத்துக்கொண்டு யாரும் ஊர் விட்டு ஊர் ஓட விரும்புவதில்லை. இவ்வளவு காலம் இந்த வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஞானம் பிறக்க, குழாயும் கையுறையுமாகக் கழிவு இறக்கும் இடத்தின் முன்னால் வரிசை நிற்கும். அமெரிக்க ஜனநாயகத்தை அதன் முழுச் சமத்துவத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்கலாம். எட்டு லட்சம் டாலர் வண்டிக்காரரும் ஓட்டை டிரெய்லர்காரரும் ஒரே மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

வரிசையில் நிற்கும்போதுதான் காப்பீட்டு ஞாபகம் வரும். முகவருக்குப் போன் போடுவார். புயல் கரையை நெருங்கிய பிறகு புதிதாகக் காப்பீடு எழுதுவதை நிறுத்திவிடுவார்கள் என்று முகவர் பொறுமையாகச் சொல்வார். சாமான் வாங்கப் போனால், தண்ணீரும் பேட்டரியும் தீர்ந்திருக்கும். புயலுக்கு முன் எது அதிகம் விற்கிறது என்று வால்மார்ட் கணக்குப் பார்த்தபோது முதலிடம் பீருக்கு. ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் என்ற தின்பண்டத்தின் விற்பனை ஏழு மடங்கு கூடியிருந்தது. 2004இல் பத்திரிகையில் வந்த செய்தி. நம்மவர் இந்த இரண்டிலும் குறை வைக்கமாட்டார்.

மனைவி முதல் நாளே தயார். மாத்திரை, பத்திரங்கள், பேரப்பிள்ளைகள் படம், நாயின் தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில். பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். அவருக்குக் கூம்பில் நம்பிக்கை கிடையாது. வெதர் சேனலின் ஜிம் கான்டோரே எந்த ஊரில் நிற்கிறார் என்று மட்டும் கவனிப்பார். புயல் இறங்கும் இடத்துக்கு அனுப்பப்படுகிற நிருபர் அவர். அவர் வந்து இறங்கினால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பது புளோரிடாவில் நகைச்சுவையாகவும் நகைச்சுவை இல்லாமலும் சொல்லப்படுவது. “ஜிம் நம்ம கடற்கரையில நிக்கிறார்” என்று ஒரு வார்த்தை. பத்து நிமிஷத்தில் வண்டி நகரும். பூநாரைகள் மட்டும் மரத்தளத்தில் நிற்கும்.

நெடுஞ்சாலை ஐ-75 வடக்கே அடைத்துக்கொண்டிருக்கும். 2017இல் இர்மா புயலுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்ன மாநிலம் அது. பெட்ரோல் பங்கில் இன்னொரு கூத்து. பின்னால் ஒரு ஜீப்பை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு வருகிறார்; அந்த நிலையில் வண்டியைப் பின்னுக்கு எடுக்க முடியாது. தப்பான வரிசையில் நுழைந்துவிட்டால் இறங்கி, ஜீப்பைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே வெளியே எடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் நாற்பது பேர் ஹார்னில் கருத்துச் சொல்வார்கள்.

போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அட்லான்டா பக்கத்து ஸ்பீட்வேயோ அலபாமாவின் டாலடேகாவோ. கார்ப்பந்தயத் திடல்கள். பெரும்புயல் சமயங்களில் தங்கள் முகாம் இடங்களை வெளியேறி வருபவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் நல்ல மனம் அவற்றுக்கு உண்டு. அங்கே இறங்கிப் பார்த்தால் பக்கத்தில் அதே பக்கத்துவீட்டுக்காரர். தண்ணீர்த் தொட்டி விவாதம் விட்ட இடத்தில் தொடரும். ஊர் திரும்பலாம் என்ற சேதி வந்ததும் மட்டும் இவருக்கு அடுத்த அறிக்கை தேவைப்படாது. பட்டியலும் கிடையாது. மரத்தளம் என்ன ஆயிற்றோ என்ற பதைப்பில் முதல் வண்டி இவருடையதுதான்.

செப்டம்பரில் ஐ-75இல் உங்களுக்கு வேலை இருந்து, முன்னால் போகும் மோட்டார் ஹோமின் கூரையில் டிவி ஆன்டெனா மடக்க மறந்து நிமிர்ந்தபடியே இருந்தால், பக்கத்தில் போய்ச் சைகை காட்டிவிடுங்கள். வலப்பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் காட்டுங்கள். ஓட்டுபவர் அறிக்கை கேட்டுக்கொண்டிருப்பார்.