கலந்து கிடக்கும் கிடங்கு

கேள்வி: ஆன்லைன் கடைகளின் கிடங்கில் ஷாம்பூ, புத்தகம், பொம்மை எல்லாம் ஒரே அலமாரியில் கலந்து கிடக்குமாமே, அப்படியா?

பதில்: ஆமாம், வேண்டுமென்றேதான்! அமேசான் கிடங்குகளில் எந்த அறை காலியோ அங்கே சரக்கு ஏறிவிடும். அறையில் ஒரு பார்கோடு, பொருளில் ஒரு பார்கோடு. இரண்டையும் ஸ்கேன் செய்தால் இடத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே சட்டையின் மீடியமும் லார்ஜும் அடுத்தடுத்து இருந்தால்தான் எடுக்கிற கை தடுமாறும்.

நூலகத்துக்கு மட்டும் இந்த முறை வேண்டவே வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரே துறை நூல்களை அக்கம்பக்கத்தில் குடிவைத்தது. அங்கே தேடிப்போன புத்தகத்தைவிடப் பக்கத்துப் புத்தகம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் கொடுக்கும்; கேட்கத் தெரியாததை அந்த அலமாரி கொடுத்துவிடும்.