கனம் கல்வித் துறை சமூகத்துக்கு ஒரு கணக்கு மனு

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், அமெரிக்கக் கல்வித் துறை, வாஷிங்டன்.

பொருள்: மருத்துவ உதவியாளர் சான்றிதழ் – செலவும் வரவும் – கணக்கைச் சரிபார்த்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1) 2011-ஆம் ஆண்டு ‘ஆதாய வேலை’ விதி (நீதிமன்றம் தள்ளியது). 2) 2014-ஆம் ஆண்டு ‘ஆதாய வேலை’ விதி (துறையே கைகழுவியது). 3) 2023-ஆம் ஆண்டு ‘ஆதாய வேலை’ விதி (முதல் இரண்டின் கதி தெரிந்தும் பிறந்தது).

கனம் பொருந்திய ஐயா அல்லது அம்மா,

மனுதாரர் பள்ளிப் படிப்பை முடித்தவர். கிளினிக்கில் எடை குறித்து, ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, நடுவில் போனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் கொடுத்து, இன்ஷூரன்ஸ் படிவத்தையும் நிரப்பி முடிக்கிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். அதற்கான சான்றிதழைப் படிக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் சில இடங்களில் கணக்கு உதைக்கிறது. துறையின் மேலான பார்வைக்கு அவை இத்தால் சமர்ப்பிக்கப்படுகின்றன.

முதலில் நல்ல செய்தி: வேலை இருக்கிறது. தொழிலாளர் புள்ளிவிவரச் செயலகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி மருத்துவ உதவியாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 44,200 டாலர். மணிக்கு 21 டாலர் 25 சென்ட். பத்தாண்டில் இந்த வேலைகள் 12 சதவீதம் கூடும் என்றும் செயலகம் கணிக்கிறது. கல்லூரி விளம்பரங்களுக்கு இவ்விரண்டு எண்களும் போதும். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்பதும், இருபது வருடம் ஊசி போட்டுக் கை பழகியவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதும் விளம்பரத்தில் வராது. எல்லாத் தொழில்களையும் சேர்த்த இடைநிலை ஊதியம் 49,500 டாலர் என்பது வரவே வராது.

இன்னொரு செய்தி நல்லதா கெட்டதா என்று மனுதாரருக்கு விளங்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்குச் சட்டப்படி சான்றிதழே தேவையில்லை. வாஷிங்டன் மாநிலம் போல ஒருசில இடங்களில்தான் அரசுப் பதிவு கட்டாயம். மற்ற இடங்களில், பள்ளி முடித்தவரை டாக்டரே சேர்த்துக்கொண்டு பழக்கிவிடலாம். ஆனாலும் சட்டம் கேட்காததைப் பல முதலாளிகள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் கல்லூரி தரும் காகிதத்தை அல்ல. அமெரிக்க மருத்துவ உதவியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வின் தகுதிச் சான்றை. அந்தத் தேர்வுக்குத் தனிக் கட்டணம். சங்கத்தின் சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆகக் கல்லூரிச் சான்றிதழ் என்பது இன்னொரு சான்றிதழுக்கான வரிசையில் நிற்க வாங்கும் டோக்கன்.

இனி டோக்கனின் விலை. கலிபோர்னியாவின் அரசு சமுதாயக் கல்லூரிகளில் உள்மாநில மாணவருக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். முப்பது யூனிட் படிப்பு என்று வைத்தால் 1,380 டாலர். புத்தகமும் சீருடையும் தனி. மேற்படி மணிக்கூலியில் இது சுமார் 65 மணி நேர உழைப்பு. லாப நோக்கில் நடக்கும் பல தனியார் கல்லூரிகளிலோ இதே சான்றிதழுக்கு 15,000 டாலருக்கு மேல் ஆகிறது. அங்கே ஊசி ஒன்றும் தங்கத்தில் இல்லை.

பிறகு ஏன் ஜனங்கள் அங்கே போகிறார்கள்? மனுதாரர் விசாரித்த வகையில், அரசுக் கல்லூரியில் இடம் குறைவு, சேர்க்கை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, வகுப்பு பெரும்பாலும் பகலில். தனியாரில் அடுத்தடுத்த மாதங்களிலேயே புது பேட்ச், மாலை வகுப்பு, போன் செய்தால் அரை மணியில் திரும்பக் கூப்பிடும் சேர்க்கை அதிகாரி. பகலில் ஹோட்டல் வேலை பார்த்து இரவில் குழந்தையைத் தூங்க வைக்கிறவருக்கு இவை பெரிய விஷயங்கள். பின்னால் நர்சிங் படிக்கப் போனால் அந்தக் கிரெடிட்டுகளை அரசுக் கல்லூரி பெரும்பாலும் ஏற்காது என்பதைச் சேர்க்கை அதிகாரி அந்த அரை மணிக்குள் சொல்லி முடிப்பதில்லை.

கனம் துறை இங்கேதான் கதைக்குள் வருகிறது. பெற்றோரைச் சாராத மாணவர் முதலாண்டில் தங்களிடம் அதிகபட்சம் 9,500 டாலர் கடன் பெறலாம். திருப்பித் தர வேண்டாத பெல் உதவித்தொகையின் உச்சம் 7,395 டாலர். கூட்டினால் 16,895. தனியார் கட்டணமும் இந்தத் தொகையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது தற்செயல் என்றே மனுதாரர் நம்பியிருந்தார். ஸ்டெபனி செல்லினி, கிளாடியா கோல்டின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2014-இல் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்கள். லாப நோக்குக் கல்லூரிகளில், அரசு உதவி பெறத் தகுதியுள்ளவை, தகுதியில்லாதவற்றைவிட ஒத்த படிப்புகளுக்குச் சுமார் 78 சதவீதம் அதிகம் வாங்குகின்றன என்று கண்டெழுதினார்கள். கோல்டினுக்கு 2023-இல் பொருளாதார நோபல் கிடைத்தது வேறு ஆய்வுகளுக்காக. அதில் துறை வருத்தப்பட ஒன்றுமில்லை.

9,500 டாலர் கடனை 2025-26 கல்வியாண்டின் 6.39 சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 107 டாலர். மாதம் ஐந்து மணி நேரக் கூலி. பத்தாண்டில் 600 மணி நேரம், அதாவது பதினைந்து வாரம், மனுதாரர் டோக்கனுக்காக மட்டும் ரத்தம் எடுப்பார்.

இதையெல்லாம் தடுக்கத் துறையிடம் பார்வையில் கண்ட ‘ஆதாய வேலை’ விதி இருப்பதை மனுதாரர் அறிவார். கடன் தவணை வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருடம் 30,000 டாலர் மட்டும் வாங்கினாலும் 8 சதவீதம் 2,400. மேற்படி தவணை வருடத்துக்கு 1,288-ஐ ஒட்டித்தான். அமோகமாகப் பாஸ். 1,380 டாலருக்குக் கிடைப்பதைப் பத்து மடங்கு விலையில் விற்றால் என்ன என்பது அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் இல்லை. 2023-இல் சேர்ந்த இரண்டாம் தேர்வின்படி, படித்து முடித்தவர்களின் இடைநிலை வருமானம் அம்மாநிலத்தில் பள்ளி மட்டும் முடித்த 25 முதல் 34 வயது வரையிலானவர்களின் வருமானத்தைத் தாண்ட வேண்டும். ஒரு டாலர் தாண்டினாலும் தாண்டியதுதான். வருடத்துக்கு ஒரு டாலர் ஆதாயத்தில் 16,000 டாலர் கட்டணத்தை மீட்க 16,000 ஆண்டு ஆகும். மனுதாரர் அதுவரை காத்திருக்கச் சித்தமாக உள்ளார்.

விதியின் ஜாதகத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் விதியின் முக்கிய அளவுகோல் ஒன்றுக்குக் காரணமே காட்டப்படவில்லை என்று 2012-இல் நீதிமன்றம் தள்ளியது. இரண்டாம் விதியின் முதல் முடிவுகள் 2017 ஜனவரியில் வந்தபோது 800-க்கும் மேற்பட்ட படிப்புகள் தோற்றன. அவற்றில் 98 சதவீதம் லாப நோக்குக் கல்லூரிகளுடையவை. 2019-இல் துறை விதியையே ரத்து செய்தது. தோற்ற படிப்புகளில் ஒன்றுகூட அவ்விதியால் நிதியை இழக்கவில்லை. தோற்றது விதிதான்.

கொரிந்தியன் கல்லூரிகளைத் துறை மறந்திருக்காது. எவரெஸ்ட், ஹீல்ட் என்ற பெயர்களில் கிளை பரப்பி மருத்துவ உதவியாளர் படிப்பை டிவியில் கூவி விற்ற நிறுவனம். துறையிடமிருந்து வருடத்துக்குச் சுமார் 140 கோடி டாலர் அதற்குப் போனது. தன்னம்பிக்கை குறைந்தவர்கள், அக்கறை காட்ட ஆளில்லாதவர்கள், எதிர்காலத்தைத் திட்டமிடத் தெரியாதவர்கள் என்று அது தன் வாடிக்கையாளரை உள் ஆவணங்களில் வர்ணித்ததாகக் கலிபோர்னியா அரசு 2013-இல் வழக்குப் போட்டது. ஒரு நாள் வேலையையும், இரண்டாம் நாளுக்கு வாக்குறுதி இருந்தால், ‘தொழில் கிடைத்தது’ என்று அது கணக்கெழுதியதாக நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் குற்றம் சாட்டியது. அதே ஆண்டு ஜூனில் துறை 21 நாள் பணத்தை நிறுத்திப் பார்த்தது. மூன்று வாரம்கூடத் தாங்காமல் நிறுவனம் தள்ளாடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வளாகங்களை மாணவர் கடன் வசூலில் பேர்போன ஓர் அமைப்பு வாங்கிக்கொண்டது; மாணவரைச் சேர்ப்பதும் கடன் வசூலிப்பதும் ஒரே கூரைக்கடியில் வந்தது நிர்வாகச் சிக்கனம் என்றே கொள்ள வேண்டும். மிச்சமிருந்த வளாகங்கள் 2015 ஏப்ரலில் மூடப்பட்டன. 2022 ஜூனில் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் துறை தள்ளுபடி செய்தது. முன்பு கொடுத்ததும் வரிப்பணம், பின்பு தள்ளியதும் வரிப்பணம்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பட்டப் படிப்புகளுக்கு வருமானத் தேர்வு வைத்தது. மருத்துவ உதவியாளர் சான்றிதழ் போன்ற இளநிலைச் சான்றிதழ்களை அத்தேர்விலிருந்து விட்டுவிட்டது. எட்டு முதல் பதினைந்து வாரம் வரையிலான குறும்படிப்புகளுக்கும் 2026 ஜூலை முதல் பெல் உதவி தர வழி செய்தது. அதற்குச் சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் படித்து முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேர் 180 நாளில் வேலையில் இருக்க வேண்டும். மனுதாரர் இதை மனமார வரவேற்கிறார்.

ஆகவே, அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் கட்டணத்தைத் தனியார் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர் மேலே, அச்சிட ஆணையிடும்படியும், மேற்படி 180-ஆம் நாளன்று மட்டும் சீருடை மாட்டி ஒரு கிளினிக்கில் நின்றவர் ‘வேலையில் இருப்பவர்’ ஆவாரா, அன்றைய சம்பளத்தைக் கல்லூரியே கிளினிக்குக்குக் கொடுத்திருந்தால் அப்போதும் ஆவாரா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படியும் பணிவுடன் வேண்டப்படுகிறது. சேர்க்கை அதிகாரி இன்று மாலை ஆறு மணிக்கு மறுபடி போன் செய்வதாகச் சொல்லியிருப்பதால், பதில் அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மனுதாரர்