சுயேச்சை: விலை நேரில் பேசிக்கொள்ளலாம்

இந்தியத் தேர்தலில் சுயேச்சைகள் இரண்டு ரகம். ஒருவர் டெபாசிட் இழப்பார். இன்னொருவர் அமைச்சர் ஆவார். முதல் ரகத்தைக் கண்டால் அரசுக்கு ஆகாது. இரண்டாவது ரகத்தைக் கண்டால் கட்சிகள் ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்கின்றன.

1996 தமிழகச் சட்டமன்றத் தேர்தல். கோரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை என்ற கோபத்தில் மொடக்குறிச்சி விவசாயிகள் ஆளுக்கு 250 ரூபாய் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு மனுத்தாக்கலுக்குப் போனார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலே தள்ளிப்போனது. அதே ஆண்டு அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். புளோரைடு தண்ணீரைக் குடித்துக் குடித்து எலும்பு வளைந்துபோன ஊர்கள் அவை. பேசிப் பார்த்துப் பலிக்காததால் வேட்பாளர் பட்டியலை நீட்டிக் காட்டினார்கள்.

வெட்கமுள்ள அரசாக இருந்தால் முதலில் தண்ணீரைக் கவனித்திருக்கும். நம் அரசு டெபாசிட்டைக் கவனித்தது. அதே 1996இல் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயை 5,000 ஆக்கினார்கள்; நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாயை 10,000 ஆக்கினார்கள். இன்று அது 10,000, 25,000. எலும்பு வளைந்தவன் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டால் அன்றே கட்டணம் இருபது மடங்கு! சுயேச்சையை முன்மொழிய 10 வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு கையெழுத்து போதும். நடப்பவர்கள் படியேற வேண்டும், காரில் வருபவர்களுக்கு லிப்ட் உண்டு.

விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்றார்கள். தடுத்துக் கிழித்தார்களா? 2024இல் ராமநாதபுரம் வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பட்டியலில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள். ஒரே பருவத்தில், ஒரே தொகுதியில், ஐந்து பன்னீர்செல்வங்களுக்கு மக்கள் சேவை செய்யும் வேட்கை தானாகவே பொங்கியது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். தலைக்கு இத்தனை ஆயிரம் டெபாசிட் யார் பையிலிருந்து வந்தது என்று கேட்க மட்டும் எந்தச் சட்டத்துக்கும் நேரமில்லை.

இந்தக் கைங்கரியம் நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 2004இல் கேரளத்தின் ஆலப்புழையில் காங்கிரஸ் வேட்பாளர் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அவர் பெயரையே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஒரு சுயேச்சை 8,000 ஓட்டுக்கு மேல் வாங்கினார். ஒரு டம்மி வேட்பாளரால் ஓட்டு பிரிவதோடு போவதில்லை. அவர் பெயரில் ஒரு பூத் ஏஜென்ட், ஒரு வண்டி பெர்மிட், கணக்கில் சேராத ஒரு செலவு என்று எல்லாம் கூடுதலாகக் கிடைக்கும். மொடக்குறிச்சிக்காரன் நின்றால் அது விளையாட்டு. இவர்கள் நிறுத்தினால் வியூகம்.

அடுத்து, ஜெயித்த சுயேச்சைகள். 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். கேட்க எவ்வளவு கறாராக இருக்கிறது! ஆனால் கட்சியில்தான் சேரக்கூடாது. அமைச்சரவையில் தாராளமாகச் சேரலாம். கர்நாடகத்தின் முல்பாகல் சுயேச்சை எச். நாகேஷ் 2019 ஜனவரியில் குமாரசாமி அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். ஜூனில் அதே அரசில் அமைச்சரானார். ஜூலையில் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் எடியூரப்பா அமைச்சரவையில் அமைச்சரானார். ஒரே ஆண்டு, இரண்டு எதிரி அரசுகள், இரண்டு முறை பதவிப் பிரமாணம். சட்டம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது, அவர்தான் எந்தக் கட்சியிலும் சேரவில்லையே.

ஜார்கண்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 81 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் மது கோடா என்ற சுயேச்சை 2006இல் முதலமைச்சராகவே ஆனார். பெரிய கட்சிகள் பின்னால் நின்று தாங்கின. பிறகு நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தாங்கிய கட்சிகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

டெபாசிட்டை ஏற்றிய வேகத்தில் பாதியைக் காட்டினால் போதும், இதைச் சரிசெய்யலாம். கட்சி வேட்பாளரும் 10 கையெழுத்து வாங்கி வரட்டும். சுயேச்சையாக ஜெயித்தவருக்கு மந்திரி பதவி வேண்டுமென்றால் ராஜினாமா செய்துவிட்டு ஓட்டுப் போட்டவனிடம் மறுபடி வந்து கேட்கட்டும். அதுவரை, சின்னம் அச்சடித்த நோட்டீஸோடு உங்கள் வாசலுக்கு வரும் சுயேச்சையிடம் கொள்கை கேட்காதீர்கள். டெபாசிட் யார் கட்டியது என்று கேளுங்கள்.