கத்தி இருக்கிறது, கத்தரிக்கோல் எங்கே?

முகமூடிக் கொலைகாரன் ஒருபோதும் ஓடமாட்டான். மூச்சிரைக்க ஓடுவதெல்லாம் கொலையாகப் போகிறவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்கு முன்னால் போய் மரத்தடியில் நிற்பவன் அவன். அவசரத்துக்குக் கார் கிளம்பாது. முப்பது வயதைத் தொட்டவர்கள் பள்ளி மாணவர்களாக வருவார்கள். வினோதமான சத்தம் கேட்டால், அந்தத் திசையிலேயே தனியாகப் போய், யார் அங்கே என்று கேட்பார்கள். 1980 வாக்கில் அமெரிக்க ஸ்லாஷர் படங்கள் நிலைநாட்டிய இந்தச் சட்டதிட்டங்களை, இத்தனை ஆண்டுகள் கழித்து, சொற்பக் காசில், அதே உடை, அதே சிந்தசைசர் இசையோடு திரும்ப எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். காசில்லாமல் எடுக்கிறார்கள் என்பது அவர்கள் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. பக்தியோடு எடுக்கிறார்கள் என்பதுதான்.

அவர்கள் கும்பிடும் படங்களில் அந்தப் பக்தி துளியும் கிடையாது. 1978-இல் ஜான் கார்பென்டர் ‘ஹாலோவீன்’ எடுக்கக் கையில் இருந்தது சுமார் மூன்றேகால் லட்சம் டாலர். கொலைகாரனின் முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய கேப்டன் கிர்க் முகமூடி; வெள்ளைச் சாயம் அடித்து, கண் துளையைப் பெரிதாக்கியதும் ‘ஸ்டார் ட்ரெக்’ தளபதி பேயாகிவிட்டார். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தின் இலையுதிர் காலத்தில். படம்பிடித்ததோ கலிபோர்னியாவில், வசந்தத்தில். அதனால் இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு அடுத்த காட்சிக்குக் கொண்டுபோனார்கள். இசையமைப்பாளருக்குத் தனியாகக் கொடுக்கப் பணமில்லாததால் கார்பென்டரே பியானோ முன் உட்கார்ந்தார். அந்தப் படம் அள்ளிய வசூலைப் பார்த்து நாவூறிய ஷான் கன்னிங்ஹாம், திரைக்கதை முடிவதற்கு முன்பே, ‘வெரைட்டி’ இதழில் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ என்ற தலைப்பை மட்டும் போட்டு விளம்பரம் செய்துவிட்டார். படம் 1980-இல் வந்தது. கார்பென்டரிடமிருந்து அவர் எடுத்தார்; கார்பென்டருக்கு முன்பே, 1974-இல், கனடாவின் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ இதே வேலையைச் செய்திருந்தது. எல்லோரும் எடுத்தார்கள், ஆனால் வாடகை கொடுக்க வேண்டிய அவசரத்தில் எடுத்தார்கள். அந்த அவசரம்தான் புதிதாக எதையாவது செய்ய வைத்தது.

பக்தருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் சாமி விக்கிரகத்தை நகர்த்தக்கூட அஞ்சுகிறார். ஆடம் கிரீன் 2006-இல் எடுத்த ‘ஹாட்செட்’டில் கொலைகாரனாக வந்தவர், ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ வரிசையின் கொலைகாரன் ஜேசனாக நான்கு முறை நடித்த கேன் ஹாடர். ‘நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களில் ஃப்ரெடியாக நடித்த ராபர்ட் இங்லண்டும் ‘கேண்டிமேன்’ டோனி டாட்டும் ஆளுக்கொரு சிறு வேடத்தில் வந்து போகிறார்கள். உற்சவமூர்த்திகள் அத்தனை பேரும் ஒரே தேரில். இது ரீமேக் அல்ல, இரண்டாம் பாகம் அல்ல, ஜப்பான் படத்தைத் தழுவியதும் அல்ல என்று போஸ்டரிலேயே மார்தட்டினார்கள். பிறகு மூன்று தொடர்ச்சிகள் எடுத்தார்கள். படம் ஜாலியானது, மறுக்கவில்லை. ஆனால் இதற்குப் பின்வரிசையில் நிற்கும் சின்னப் படங்கள் பலவற்றில் டிஜிட்டல் கேமராவில் தெளிவாக எடுத்த காட்சிமேல் கணினியில் கீறலும் தூசியும் தூவுகிறார்கள். அன்றைய கீறல் பிரிண்ட் தேய்ந்ததால் வந்தது, எந்த இயக்குநரும் அதை விரும்பவில்லை. கதையை 1980-களில் வைப்பதிலும் பாதி ஏக்கம், பாதி சோம்பல்: செல்போனை என்ன செய்வது என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

ரசிகன் கேட்பதே பழசைத்தானே, அதைக் கொடுத்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பதில் சுகம் உண்டு. அடுத்து சாகப்போவது யார் என்று பந்தயம் கட்டிக்கொண்டு பார்க்க இதைவிட வசதியான படவகை கிடையாது. ஆனால் ரசிகன் உண்மையில் ஏங்குவது கீறலுக்கு அல்ல, கைவேலைக்கு. ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி ரப்பரையும் போலி ரத்தத்தையும் வைத்து ஒரு கழுத்தை எப்படி அறுத்தார் என்று வாய்பிளந்த கூட்டம் அது. இயக்குநர் டேமியன் லியோன் இதைப் புரிந்துகொண்டவர். முதல் இரண்டு ‘டெரிஃபையர்’ படங்களின் ஒப்பனை வித்தைகளுக்குப் பொறுப்பு அவரே. அவருடைய ‘ஆர்ட்’ என்ற கோமாளி வாயே திறக்காமல், கொலைக்கு நடுவில் சேஷ்டை செய்து சிரிக்கவும் வைக்கிறான். ஜேசனிடம் இல்லாத குணம் இது. ரசிகர்களிடம் பணம் திரட்டி, இரண்டரை லட்சம் டாலரில் எடுத்து 2022-இல் வெளியிட்ட இரண்டாம் படம் ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பெண்களைத் துரத்திக் குத்துவதில் என்ன ரசனை என்ற கேள்வி இதைவிடக் கனமானது. திரை விமர்சகர்கள் சிஸ்கலும் ஈபர்ட்டும் 1980-இலேயே தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைக் கண்டித்தார்கள். கடைசியில் தப்பிப் பிழைத்துக் கொலைகாரனை எதிர்கொள்பவளும் பெண்தானே, ஆண் ரசிகனும் அவள் பக்கம்தானே நிற்கிறான் என்று ஆய்வாளர் கேரல் குளோவர் 1987-இல் கட்டுரை எழுதினார். இரு தரப்புப் பேச்சிலும் உண்மை இருக்கிறது. பக்தர்கள் எதை நகலெடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். முதல் ‘டெரிஃபையர்’ படத்தில் நாயகி என்று நாம் நம்பியவள் பாதியிலேயே செத்துப்போகிறாள்; மிச்சமிருப்பது அறுவை மட்டும், இரண்டு பொருளிலும். இரண்டாம் படத்தில் சியன்னா என்ற பெண்ணுக்கு வீடு, தம்பி, பயம், கோபம் எல்லாம் கொடுத்ததும் படத்துக்கு உயிர் வந்தது. அதற்குக் கூடுதலாக ரத்தம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

காசில்லாதவர்களை இப்படிக் குடைவது அநியாயம் என்பார்கள். விளக்கு, அரங்கு, நடிகர் சம்பளம் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டுவதற்குக் காசு வேண்டாம். ‘ஹாலோவீன்’ 91 நிமிடம். சியன்னா வரும் இரண்டாம் ‘டெரிஃபையர்’ 138 நிமிடம். கூர்மையான ஆயுதம் எல்லாவற்றையும் கோமாளியிடம் கொடுத்துவிட்டு, எடிட்டரை வெறுங்கையோடு உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்றாம் படத்துக்கு 20 லட்சம் டாலர் கிடைத்தது, நீளம் 125 நிமிடமாகக் குறைந்தது. பாகத்துக்குப் பதின்மூன்று நிமிடம் என்று இதே வேகத்தில் போனால், ஆறாம் பாகத்தில் கார்பென்டரையே முந்திவிடுவார்கள்.