பெரிய டர்போ போட்டால் போதாதா?

கேள்வி: 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு இருப்பதிலேயே பெரிய டர்போவை வாங்கிவிட்டால் கணக்கே வேண்டாமே?

பதில்: அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடலாம், வளர்ந்து நிரப்பிவிடுவான், இன்ஜின் வளராது. அதற்கு வேண்டிய காற்றைக் கணக்கிடுவோம்: நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். ஆகவே 6000 சுற்றில் நிமிடத்துக்கு 6000 லிட்டர். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்பினால் 5400 லிட்டர், எடையில் சுமார் 6.5 கிலோ காற்று. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் 13 கிலோ என்பீர்கள். வராது. அமுக்கிய காற்று 100 டிகிரியைத் தொட்டு அடர்த்தி இழக்கும். இன்டர்கூலர் 50 டிகிரிக்கு இறக்கினால் 12 கிலோவை நெருங்கலாம். அதை டர்போவின் கம்ப்ரஸர் வரைபடத்தில் (காற்றளவுக்கு எதிராக அழுத்தம்) குறியுங்கள். பெரியது பின்னால் உதவுமே என்றால், குறைந்த சுற்றில் டர்பைன் வேகமெடுக்காது. பூஸ்ட் ஏறினாலும் புள்ளி வரைபடத்தின் இடது எல்லையான சர்ஜ் கோட்டுக்கு இடப்புறம் விழுந்து, காற்று பின்வாங்கித் தடதடக்கும், பேரிங் அடிவாங்கும். 3000 சுற்றுக்கும் கணக்குப் போட்டு, இரு புள்ளியும் வரைபடத்துக்குள் அடங்குகிற டர்போவை வாங்குங்கள்.