உறவினர் வீட்டுப் பச்சைக்குழந்தைக்குப் பரிசு தேர்தல்: முதல், கரு, உரிப்பொருள் நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பரப்பு

உறவினர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர் கையில் கொண்டுபோகும் பொருளும், அது அவர் கைக்கு வந்த வழியும் இங்கு ஆராயப்படுகின்றன. வெறுங்கையோடு போதல் இப்பரப்பில் அடங்காது; அது வளர்ப்புக் கோளாறு எனத் தனியே வகைப்படுத்தப்பட்டுள்ளது (பெரியத்தை, வாய்மொழி, அடுப்படி).

தொல்காப்பியத்தின் 27 இயல்களில் எதிலும் கிலுகிலுப்பை பற்றிய நேரடிச் செய்தி இல்லை. ஆயினும் எதைப் பற்றிய ஆய்வேடும் தொல்காப்பியத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது பட்டம் வாங்கிய அனைவரும் அறிந்த விதி. விதி நிறைவேற்றப்பட்டது, மேலே செல்லலாம்.

2. முன்னோர் வழக்கு

சங்க காலச் சிறுவர் தாலி அணிந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 77ஆம் பாடல் சான்று. சங்கு, சக்கரம், வாள், வில், கதை என்னும் திருமாலின் ஐந்து படைகளை வடித்துக் கோத்த ஐம்படைத்தாலி காப்பியங்களிலும் பிள்ளைத்தமிழிலும் வருகிறது. பிள்ளைக்குக் காவல் என்பது அதன் நோக்கம். அதை வாங்கிக் கொடுத்தவர் மாமனா பெரியப்பனா, செய்கூலி யார் தலையில் விழுந்தது, சேதாரம் எத்தனை என்பவை பற்றி ஓர் உரையாசிரியரும் வாய் திறக்கவில்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று மூன்று பக்கம் வாதிட்டவர்கள், ஒரு வீட்டில் உண்மையிலேயே சண்டை மூளும் இடத்தைக் கடந்து போய்விட்டார்கள்.

பிள்ளைத்தமிழ் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி என்று அது வளரும். ஆயத்த ஆடைக் கடை இக்காலத்தின் முதல் ஆண்டை 0-3, 3-6, 6-12 மாதம் என்று மூன்றே பருவங்களாகச் சுருக்கிவிட்டது. செங்கீரைப் பருவத்துக்கு ஒரு ஜப்லா வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்குக் கடைப்பையன் திருப்பூர் சரக்கைக் காட்டினான் (ஓய்வுபெற்ற தமிழாசிரியரான ஒரு தாத்தா, வாய்மொழி, பேருந்து நிறுத்தம்).

3. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

பரிசு வழங்கும் நிலம் ஐந்து.

அரசு மருத்துவமனை: இந்நிலத்தில் உறவினருக்குப் போட்டியாளர் அரசே. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை முதலிய 16 பொருள்கள் இருந்தன. தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. பின்லாந்து அரசு 1938இலேயே வறிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் இத்தகைய பெட்டியைக் கொடுத்து வருகிறது. இரண்டு அரசுகளும் தாய் யாருடைய மருமகள் என்று கேட்டதாகச் செய்தி இல்லை.

தனியார் மருத்துவமனை: லிஃப்டுக்குள் விலைச்சீட்டைக் கிழிக்கும் நிலம்.

தாய்வீடு: பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீடு. சாட்சிகள் மிகுந்த நிலம். பொருளைக் கையில் வாங்கியதும் அடுக்களைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி கொண்டுவருவார்கள்.

மண்டபம்: கொடுத்தவர் பெயர் மைக்கில் சொல்லப்படும் நிலம். உறை மெலிந்திருந்தாலும் பெயர் அதே ஒலியளவில்தான் கேட்கும் என்பது இதன் சிறப்பு.

அயல்நாடு: பரிசு வீடியோ காலில் காட்டப்படும்; குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பொழுது என்பது தீட்டுக் கழிந்த பின். அது 11ஆம் நாள் என்பாரும், 16 என்பாரும், 30 என்பாரும் உளர். மூவரும் ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு.

4. கருப்பொருள்

தங்கம்: பெரும்பாலும் ஒரு கிராம் மோதிரம், அதாவது பவுனில் எட்டில் ஒரு பங்கு. 2021 முதல் நகைகளுக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. குழந்தை மோதிரம் இந்த விலக்குக்குள் விழுந்துவிடுவதால், தரநிர்ணயப் பொறுப்பு பாட்டிமாரிடமே இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்து, உரைகல் இல்லாமலே அவர்கள் தீர்ப்பு வழங்குகிறார்கள்.

வெள்ளி: காப்பு, கொலுசு, அரைஞாண், பாலாடை. இவற்றுள் பாலாடை தனி மதிப்புடையது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகளில் கையாளப்படுவதால், மருத்துவ ஆய்வேடுகளிலும் இதே பெயரோடு இடம்பிடித்துவிட்டது. பெயரை மாற்றாமல் ஆய்வுலகில் நுழைந்த வீட்டுப் பொருள்கள் மிகச் சில.

பால்புட்டி: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது மருத்துவ அறிவுரை. இந்தியாவில் புட்டிக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறவினர்களைத் தடுக்க அதில் பிரிவு இல்லை.

வாக்கர்: குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருளவிடும் சக்கரக் கூண்டு. கனடா இதை 2004இல் தடை செய்தது. மர நடைவண்டி வேறு வகை. அதைக் குழந்தை நின்றுகொண்டு தள்ளும், பின்னால் ஒரு பாட்டி குனிந்துகொண்டு ஓடுவார்.

பணம்: உறையிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி விற்கப்படுவதால் கொடுப்பவர் முழுத்தொகையை மட்டும் முடிவு செய்தால் போதும். முடிவு செய்வதற்கு ஆதாரம் மொய் நோட்டு. அதைப் பிறர் கண்ணில் காட்டாமல் பரணில் வைக்கும் பழக்கம், ஏடு வைத்திருந்த குடும்பங்களிடமிருந்து வந்திருக்கலாம்.

தாய்மாமன்: இவருக்குத் தேர்வுரிமை இல்லை, ஆகவே ஆய்வில் இடமும் இல்லை.

பேராசிரியர்: தாம் எழுதிய நூலையே கொடுப்பார்.

5. பேபி செட்: ஒரு மூலபாட ஆய்வு

ஒளி ஊடுருவும் மூடியிட்ட அட்டைப்பெட்டியில் சோப்பு, பவுடர், எண்ணெய், சீப்பு ஆகியவற்றை அடுக்கியது பேபி செட். இதை ஒரு வீட்டில் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இதுவரை சான்று இல்லை. பீரோவின் மேல்தட்டில் சில காலம் தங்கும். உறவில் அடுத்த பிறப்புச் செய்தி வந்ததும் புதுத்தாள் சுற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

இப்பெட்டியை ஆராய்வதற்கு ஏற்ற முறை சுவடிப் பதிப்பு முறையே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் பல இடத்து ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். பேபி செட்டிலோ எல்லா ஏடுகளும் ஒரே பெட்டியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கின்றன. மேலே கரடிப் படம் போட்ட தாள். அதை உரித்தால் செல்லோடேப் பிய்த்த தழும்பு. தழும்பில் முந்தைய தாளின் பொன்னிறத் துணுக்கு. மூலையில், நீல மையில், "அன்புட" என்ற எழுத்துகள், மீதி சிதைந்துபோயிற்று. "அன்புடன்" என்று நிரப்புவதே பெருவழக்கு. "அன்புடைய மாமி" என்று கொண்டு, அந்த மாமி யார் என்பதையும் கையெழுத்தை வைத்து நிறுவுவாரும் உளர் (ஒன்றுவிட்ட மதினி, குரல்பதிவு, குடும்பக் குழு, போட்ட சிறிது நேரத்தில் நீக்கப்பட்டது, நீக்குமுன் கேட்டவர்கள் வழியாக மூன்று பாடங்கள் கிடைக்கின்றன, மூன்றாம் பாடத்தில் மட்டும் அழுகை உண்டு).

காலக்கணிப்புக்குப் பவுடர் டப்பாவின் அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியே கல்வெட்டு. சோப்பின் தேதி 2019 என்றும் எண்ணெயின் தேதி 2022 என்றும் இருந்தால், எண்ணெய் இடைச்செருகல். மூலப் புட்டி எங்கோ ஒரு வீட்டில் ஒழுகிவிட்டது என்றும், கைமாற்றியவர் புதிது வாங்கி வைத்தார் என்றும் கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளாமல், அவரே எடுத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டார் என்று ஒரு கருத்து நிலவுகிறது (சித்தப்பா, வெளிவராத கருத்து, திண்ணை, சித்தி கூடத்தில் இருந்தமையால் வெளிவராதது).

இத்துறையின் பெருஞ்சிக்கல், சுற்றத்தில் உலவும் பெட்டிகள் எத்தனை என்பது. ஔவையார் எத்தனை பேர் என்ற வினாவுக்கு இது சற்றும் குறைந்ததன்று. பல பெட்டிக் கொள்கையினர், ஒரே மாதத்தில் இரண்டு விசேஷங்களில் பெட்டி காணப்பட்டதைச் சுட்டுவர். ஒரு பெட்டிக் கொள்கையினர் அதை ஏற்பதில்லை. இருப்பது ஒன்றே; இரண்டாம் விசேஷத்துக்கு அது இரவுப் பேருந்தில் போயிற்று என்பது அவர்கள் மறுப்பு (பெரியத்தை, மேற்படி அடுப்படி, இரண்டாம் காப்பிக்குப் பின்; இதே பெரியத்தை, முந்தைய நிலைப்பாட்டை மறுத்து, மாடிப்படி, செருப்பு மாட்டும்போது; இரு கூற்றுகளையும் தாம் சொல்லவே இல்லை என அவரே, தொலைபேசி, மறுநாள்). இரு தரப்பினரும் ஆண்டுதோறும் கருத்தரங்கில் சந்தித்து, ஒருவர் கட்டுரையை ஒருவர் கேளாமல், சான்றிதழும் சாப்பாட்டு டோக்கனும் பெற்றுத் திரும்பும் வழக்கம் இத்துறைக்கு இன்னும் வரவில்லை. வரும்.

பெட்டி தன் முதல் வீட்டுக்கே திரும்பி, முதலில் வாங்கியவரின் பேரக்குழந்தைக்கே வழங்கப்படுவது முழுவட்டம் எனப்படும். அப்போது பெறுபவர் முகத்தில் தோன்றுவது வியப்பன்று. தெரிந்தவரைக் கண்ட முகமலர்ச்சி. இரு தரப்பும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. பெட்டியைத் திறப்பவரே மரபை அறுத்தவராவார்.

6. உரிப்பொருள்

இப்பகுதியில் ஊடலும் இரங்கலும் மிகுதி. "அவங்க மட்டும் காப்பு போட்டாங்க" என்பது ஊடல். "நாம செஞ்சதுக்கு அவங்க திருப்பிச் செய்யலையே" என்பது இரங்கல். இரண்டிலும் குழந்தை இடம்பெறாதது நோக்கத்தக்கது. கொடுப்பவர், பெறுபவர், பார்ப்பவர், எழுதுபவர் ஆகிய நால்வரும் பெரியவர்கள். குழந்தை முதல் வாரங்களில் அணிவதோ, பலமுறை துவைத்து மெத்தென்றாகிப்போன பழைய வேட்டியின் கிழிசல். புதுத்துணியின் கஞ்சி மென்தோலை உறுத்தும் என்பதால் பாட்டிமார் வகுத்த ஏற்பாடு அது. அதற்கு விலை இல்லை; எனவே மொய் நோட்டிலும் பதிவில்லை.

7. முடிபு

பரிசு பெரியவர்களின் கணக்கு, தேவை தாயினுடையது. ஆகவே என்ன வேண்டும் என்று தாயிடமே கேட்டு வாங்குவது தக்கது. கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு வயதுக்கான பருத்திச் சட்டையைப் பில்லோடு கொடுத்துவிட்டு, அவர் ஒரு மணிநேரம் தூங்கி எழும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பேபி செட்டை யாரும் வாங்கவேண்டியதில்லை. அது தானே வந்து சேரும்.