சர்க்கரை அவருக்கு, சத்தம் ஊருக்கு

அனகாபுத்தூர்க்காரர்களின் காது லேசுப்பட்ட காது அல்ல. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையை மேற்கே ஒரு கோடாக நீட்டினால், அது இந்த ஊர் மொட்டைமாடிகளுக்கு மேலாகத்தான் போகும். அந்தப் பக்கமிருந்து இறங்கும் விமானம், கொடியில் காய்கிற வேட்டிக்கு என்ன கரை என்று பார்த்துச் சொல்லிவிடும் உயரத்தில் வரும். டிவியில் வில்லன் சவால் விடும் நேரத்தில் விமானம் குறுக்கிட்டால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகித்துக்கொண்டு கதையைத் தொடர்வார்கள். விமானத்துக்கும் முந்தைய பழக்கம் தறிச் சத்தம். மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை நெய்து நைஜீரியா வரைக்கும் அனுப்பிய நெசவாளர் ஊர் இது. இரவெல்லாம் தறி தடதடக்க, அதைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்படிப் பதப்பட்ட காதை ஒரு ரூபாய்ச் சமாச்சாரம் வீழ்த்திவிடுகிறது.

காலையில் பிராட்வே போகும் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்த ஒருவர் கண்ணை மூடுகிறார். பம்மல் வருவதற்குள் பின் சீட்டில் காகிதம் பிரியும் ஓசை. பிறகு ஆரம்பிக்கிறது: ச்சப், ச்சப், ச்சவக். சேற்றில் மாட்டிய ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து எடுக்கிற மாதிரியான சத்தம். தித்திப்பு இருக்கிற வரைக்கும் சாறு ஓடுவதால் சத்தத்தில் ஈரம் அதிகம். தித்திப்பு தீர்ந்தாலாவது துப்பித் தொலைப்பார்களா என்றால் மாட்டார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும். மேலண்ணத்தில் ஒட்டி நாக்கால் பெயர்க்கும் ‘டொக்’ ஒன்று வரும். முட்டை விடத் தெரிந்தவராக இருந்தால் ‘டப்’ என்று வெடி வேறு. முதல் வெடியைவிட அடுத்த வெடிக்குக் காத்திருப்பதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து இது நடந்தால் விசேஷம். பல்லாவரம் சந்தை நாள் அது. பஸ் நகராது, தாடை நிற்காது.

எஞ்சின் உறுமுகிறது, கண்டக்டர் விசில் ஊதுகிறார், ஆம்புலன்ஸ் ஒன்று அலறியபடி வழி கேட்கிறது. ஜன்னலோரத்துக்காரருக்கு அவை எதுவும் கேட்பதில்லை. ச்சவக் மட்டும் கேட்கிறது.

இதற்கு மருத்துவத்தில் பேர் வைத்துவிட்டார்கள் என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். குறிப்பிட்ட சில சத்தங்கள், அதிலும் அடுத்தவர் வாயிலிருந்து வரும் சத்தங்கள், ஆளை ஆத்திரத்தின் விளிம்புக்குத் தள்ளும் நிலைக்கு 2001-இல் ஜாஸ்ட்ரபாஃப் தம்பதி மிசோஃபோனியா என்று பெயரிட்டார்கள். மெல்லும் சத்தத்தால் அவதிப்படுகிறவர்களைப் பற்றி நெதர்லாந்தில் ஆராய்ந்த மூன்று மனநல மருத்துவர்களுக்கு 2020-இல் பரிசுகூடக் கிடைத்தது. நோபல் அல்ல, இக் நோபல். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வரிசையில் முதல் பாதி மட்டும் வாய்ப்பதில்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமாரின் குழு 2021-இல் கண்டு சொன்னது இன்னும் சுவாரசியம். இந்தத் தொல்லை உள்ளவர்களின் மூளையில், சத்தத்தைக் கேட்கும் பகுதிக்கும் வாய், தாடை, தொண்டையை இயக்கும் பகுதிக்கும் இடையே தொடர்பு அளவுக்கு மீறி இருக்கிறதாம். அதாவது பின் சீட்டுக்காரர் மெல்லும்போது, முன் சீட்டுக்காரரின் மூளையில் அவருடைய வாய்க்கான இடமும் சேர்ந்து துடிக்கிறது. நேராகச் சொன்னால் இரண்டு பேரும் ஒரே சூயிங்கத்தை மெல்லுகிறார்கள். தித்திப்பு ஒருவருக்கு மட்டும். இந்தப் பங்கீடு நியாயமா என்று பல்லாவரம் சிக்னலில் நின்று யோசித்தால் இரத்தக் கொதிப்பு ஏறத்தான் செய்யும். விமானத்தோடு சேர்ந்து எந்த மூளையும் பறந்து பார்ப்பதில்லை; அதனால்தான் விமானத்தை மன்னிக்க முடிகிறது.

இவ்வளவுக்கும் காரணமான பொருள் டயராகியிருக்க வேண்டியது. மெக்சிகோவிலிருந்து நாடு கடத்தப்பட்டு நியூயார்க் பக்கம் ஒதுங்கியிருந்த முன்னாள் அதிபர் சாந்தா அன்னா, ‘சிக்ளே’ என்ற மரப்பாலை வண்டிச் சக்கரத்துக்கு ரப்பராக மாற்றலாம் என்று தாமஸ் ஆடம்ஸ் என்பவரிடம் தள்ளிவிட்டார். ஆடம்ஸ் எவ்வளவோ காய்ச்சிப் பார்த்தும் அது ரப்பராகவில்லை. மெக்சிகோவில் மெல்லுகிறார்களே, நாமும் மென்று பார்ப்போம் என்று வாயில் போட்டார். 1871-இல் சூயிங்கம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். அந்தப் பாலைத் தந்தது வேறெதுவும் அல்ல, சாட்சாத் சப்போட்டா மரம். பழத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்த தமிழர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இன்றைய சூயிங்கத்தில் பெரும்பாலும் சப்போட்டாப் பாலும் கிடையாது. செயற்கைப் பாலிமர்கள்தான், அவற்றில் ஒன்றான பியூட்டைல் ரப்பர், டயர் டியூப் செய்யவும் உதவுவது. சாந்தா அன்னாவின் கனவு சுற்றி வளைத்து நிறைவேறியிருக்கிறது.

மெல்லுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்று வாதாடுவோர் உண்டு. வெற்றிலை பாக்கு இல்லாத விசேஷம் ஏது? ஆனால் வெற்றிலையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது: வாயைத் திறந்தால் சாறு வழிந்து வெள்ளைச் சட்டை பாழாகும். ஆகவே பாட்டிகளும் தாத்தாக்களும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் ‘ம்’ என்று மட்டும் பதில் சொல்லி, கண்ணியமாக மென்றார்கள். (துப்பிய இடங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) சூயிங்கத்துக்கு அப்படித் தண்டனை எதுவும் இல்லை. போதாக்குறைக்கு ஸ்டைல் வேறு சேர்ந்துவிட்டது. தலைக்கவசம்கூட இல்லாமல், சூயிங்கத்தை நிதானமாக மென்றுகொண்டே விவியன் ரிச்சர்ட்ஸ் ஆடுகளத்துக்கு நடந்து வந்ததைப் பார்த்துப் பந்துவீச்சாளர்கள் நடுங்கினார்கள். அதே தாடை அசைவை நம்பி எத்தனையோ பையன்கள் தெருமுனை மைதானங்களில் முதல் பந்திலேயே போல்டானார்கள்.

சிங்கப்பூர்தான் துணிந்து கை வைத்தது. ரயில் கதவின் உணர்கருவிகளில் யாரோ சூயிங்கத்தை ஒட்டிவைக்க, கதவு மூடாமல் ரயில் நிற்க, 1992-இல் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை வந்துவிட்டது. 2004-இல் மருத்துவக் காரணங்களுக்கான வகைகளுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். அதையும் மருந்தாளுநரிடமோ பல் மருத்துவரிடமோதான் வாங்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார், இங்கே கிடைக்கிறதே என்று மென்றபடி. ஆனால் அந்தத் தடையும் ஒட்டியதற்காக வந்ததே தவிர, ஒலித்ததற்காக வந்ததல்ல. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. டெசிபல் மீட்டரோடு பின் சீட்டுக்காரரின் வாயருகே குனிந்தால் கைதாகப்போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளாமலிருக்கச் சூயிங்கம் உதவும். மென்று விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. ஆகவே அனகாபுத்தூருக்கு மேலே இறங்குகிற ஒவ்வொரு விமானத்திலும் ஒரு கூட்டம் மும்முரமாக மென்றுகொண்டிருக்கக்கூடும். எஞ்சின் இரைச்சல் அதை மறைத்துவிடுகிறது. விமான நிலைய இரைச்சலைப் பற்றி மனுப் போட நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நேரடியாகக் கேட்டுவிடலாமே என்பார்கள். கேட்டால் “என் வாய், என் காசு” என்று பதில் வரும், அதுவும் மென்றபடி. முறைத்துப் பார்ப்பதும் பயன்படாது. மெல்லுகிறவர் பார்வை எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். இந்த விஷயத்தில் பஸ்ஸில் கூடையோடு ஏறும் பாட்டிகளின் அணுகுமுறையே சிறந்தது.

“ஏம்பா தம்பி, வாயத் தொறந்துனு மெல்லாதப்பா. காத்து உள்ள பூந்துக்கும். அப்புறம் வயிறு உப்பிக்கும்.”

மருத்துவப்படியும் இது சரிதான். சூயிங்கம் மெல்லுகிறவர்கள் காற்றையும் சேர்த்து விழுங்குகிறார்கள். தம்பி வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்தான். வாயை மூடினான். பஸ்ஸில் அமைதி நிலவியது. ஜன்னலோரத்துக்காரர் பாட்டிக்கு நன்றியோடு ஒரு பார்வையை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினார். வாய்க்கு வேலை குறைந்துபோன தம்பி பையிலிருந்து செல்போனை எடுத்து, ஹெட்போனைத் தேடி, காணாமல், ஸ்பீக்கரிலேயே ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தான்.